கட்டளைக் கருவிகளின் இருப்பிடம்

வீட்டில் இருக்கும் பொருள் வேண்டிய வேளையில் அகப்படாது போதல் எவர்க்கும் நேர்வதே. பெட்டியில் இல்லை, அலுமாரியில் இல்லை என்று தேடிச் சலித்தபின், அது அடுத்த அறையில் இருக்கக் காண்பர். கணினியின் உள்ளேயும் இத்தகைய காரியம் நடைபெறுவதுண்டு. லினக்ஸ் என்னும் பணிசெயல் முறைமை அமைந்த இயந்திரத்தின் முன் ஒருவர் அமர்ந்து, தம் இயந்திரத்தின் வலையமைப்பு முகவரியை அறிய விரும்பி, அதற்கென நெடுங்காலம் வழங்கிய 'இஃப்கொன்பிக்' என்ற கட்டளையைத் தட்டச்சிடுகிறார். 'கட்டளை காணப்படவில்லை' என்று விடை வருகிறது. கருவி தம்மிடம் இல்லைப் போலும் என்று எண்ணி, அதனை மீண்டும் நிறுவ முற்படுகிறார். 'ஏற்கெனவே நிறுவப்பட்டுள்ளது' என்று அதே இயந்திரம் அறிவிக்கிறது! இல்லை என்றதும் பொய்யன்று. இருக்கிறது என்றதும் பொய்யன்று. கருவி இருக்கும் அறைக்குள் தேடுமாறு இயந்திரத்துக்கு எவரும் சொல்லவில்லை, அவ்வளவே.

இதனை விளங்கிக்கொள்ளச் சிறு முன்னுரை வேண்டும். லினக்ஸ் வட்டிலுள்ள கோப்புகள் யாவும் ஒரே மரம் போல அமைந்தவை. அடியில் வேரடைவு, அதிலிருந்து கிளைத்த அடைவுகள், அவற்றினின்றும் கிளைத்த உள்ளடைவுகள். பயனர் ஒரு கட்டளையின் பெயரைக் கூறியதும், இயந்திரம் மரம் முழுவதையும் துழாவுவதில்லை. 'தேடுவழி' என்று ஒரு பட்டியல் அதனிடம் உண்டு. அப்பட்டியலிற் கண்ட அடைவுகளை வரிசைப்படி பார்த்து, முதலிற் கிடைத்ததை இயக்கும். எதிலும் கிடையாதாயின் கைவிரிக்கும். மரபுவழி வந்த லினக்ஸ் தொகுப்புகளிலே இத்தகைய கருவி அடைவுகள் நான்கு. வேரை ஒட்டி 'பின்', 'எஸ்பின்' என இரண்டு. 'யூசர்' என்ற கிளையின் உள்ளே மறுபடியும் 'பின்', 'எஸ்பின்' என இரண்டு. 'பைனரி' என்பதன் குறுக்கமே 'பின்' ஆகும். தமிழ்ச் செவிக்கு அது முன்னும் பின்னும் என்பதை நினைவூட்டலாம். அந்தப் பின்னுக்கும் இதற்கும் உறவில்லை. 'யூசர்' என்பது ஆங்கிலத்தில் ஓரெழுத்துக் குறைத்து மூன்றெழுத்தாக எழுதப்படுவது.

ஒரே இயல்புடைய கருவிகளுக்கு நான்கு வீடுகள் ஏன் வந்தன? ஆழ்ந்த தத்துவம் ஏதோ இதன் அடியில் இருப்பதாகப் பலர் நம்பினர். பாடநூல்களும் அவ்வாறே கற்பித்தன. தொடக்கக் காரணமோ மிகவும் எளியது. வட்டில் இடம் போதவில்லை.

லினக்ஸ் பின்பற்றிய மூலமுறைமை யூனிக்ஸ் என்பது. அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்தில், மறே ஹில் என்னும் இடத்திலிருந்த பெல் ஆய்வுகூடத்தில், கென் தொம்சனும் டெனிஸ் றிச்சியும் அவர்தம் தோழர்களும் 1969இல் அதனைத் தொடங்கினர். 1970இல் அவர்களுக்குப் பி.டி.பி.-11 என்னும் இயந்திரம் வாய்த்தது. அதன் நினைவகம் 24 கிலோபைற்று. அதனோடு வந்த வட்டின் கொள்ளளவு 512 கிலோபைற்று. இன்று கைத்தொலைபேசியில் எடுக்கும் ஒரு நிழற்படத்துக்கே அந்த வட்டு போதாது. அதனுள் ஒரு முழுப் பணிசெயல் முறைமை குடியிருந்தது. பின்னர் ஏறத்தாழ 2.5 மெகாபைற்றுக் கொள்ளும், கழற்றி மாட்டத்தக்க வட்டுகள் வந்து சேர்ந்தன. இரண்டாம் வட்டிலே பயனர்தம் சொந்தக் கோப்புகள் வைக்கப்பட்டன. அதனால் அது 'யூசர்' எனப் பெயர் பெற்றது. தொம்சன், றிச்சி ஆகியோரின் சொந்த அடைவுகளும் அங்கேதான் இருந்தன.

முறைமை வளர்ந்தது, முதல் வட்டு நிரம்பிற்று. நிரம்பி வழிந்த கருவிகள் பயனர் வட்டுக்கு அனுப்பப்பட்டன. ஆங்கும் 'பின்' என்றே ஓர் அடைவு அமைத்து அவற்றை இட்டனர். காலப்போக்கில் பயனர்களே தம் பெயர் தாங்கிய வட்டை விட்டு, 'ஹோம்' என்ற வேறிடத்துக்குக் குடிபெயர்ந்தனர். வீட்டுக்காரர் போயினர், வாசலில் அவர் பெயர்ப்பலகை மட்டும் நின்றது. அங்கே பயனர் எவரும் இல்லாதிருக்க, அதனை 'யூசர்' என்று ஏன் அழைக்கிறார்கள் என்று புதிதாகக் கற்போர் இன்றும் வினவுவதற்குக் காரணம் இதுவே.

இவ்வாறு இரண்டாய்ப் பிரிந்தபின் ஒரு விதி தேவைப்பட்டது. இரண்டாம் வட்டை மரத்தோடு இணைப்பதற்கு 'மவுன்ற்' என்னும் கருவி வேண்டும். அந்தக் கருவியே இரண்டாம் வட்டில் இருந்துவிட்டாலோ, திறப்பைப் பெட்டிக்குள் வைத்துப் பெட்டியைப் பூட்டிய கதையாகும். ஆகவே இயந்திரம் எழும்புவதற்கு இன்றியமையாத கருவிகள் முதல் வட்டிலும், ஏனையவை இரண்டாம் வட்டிலும் இருக்கவேண்டும் என்றாயிற்று. இடநெருக்கடியால் நேர்ந்த பிரிவுக்கு இங்ஙனம் ஓர் ஒழுங்கு பிறந்தது.

'எஸ்பின்' வந்த வழி வேறு. 1979இல் வெளிவந்த ஏழாம் பதிப்பு யூனிக்ஸில், நிருவாகக் கருவிகளான 'மவுன்ற்', 'இனிற்' போன்றவை 'ஈற்றிசி' என்ற அடைவில் இருந்தன. அமைப்புக் கோப்புகளோடு கருவிகளும் கலந்து கிடந்த அந்த நிலையைப் பின்னைய பதிப்புகள் மாற்றி, நிருவாகக் கருவிகளுக்கெனத் தனி அடைவு வகுத்தன. முன்னிற்கும் 'எஸ்' என்பது 'சிஸ்டம்' என்பதைக் குறிக்கும் என்பர் பலர். பிற நூலகக் கோப்புகளைச் சாராது தனித்தியங்கும் நிரல்களைக் குறிக்கும் 'ஸ்ற்றற்றிக்' என்ற சொல்லின் முதலெழுத்து என்பர் சிலர்.

லினக்ஸ் பரவியபோது, ஆளுக்கொரு விதமாகக் கோப்புகளை வைக்காதிருக்கும்பொருட்டு, 1994 பெப்ரவரியில் ஒரு நியமம் வெளியிடப்பட்டது. அதுவே பின்னர் கோப்புமுறைமைப் படிநிலை நியமம் என வளர்ந்து, 2015இல் மூன்றாம் பதிப்பை அடைந்தது. வேரை ஒட்டியவற்றைக் கொண்டே இயந்திரத்தை எழுப்பவும் பழுதுபார்க்கவும் இயலவேண்டும் என்று அது வகுத்தது. பின்னுக்கும் எஸ்பின்னுக்கும் இடையிலான எல்லையையும் அதுவே குறித்தது: சாதாரண பயனர் எப்போதாவது தாமே இயக்கக்கூடிய கருவியாயின் அது பின்னில் இருக்கவேண்டும், நிருவாகிக்கு மட்டும் உரியதாயின் எஸ்பின்னில் இருக்கலாம்.

கேட்கும்போது தெளிவான விதிதான். நடைமுறையிலே அது நிலைநிற்கவில்லை. ஒரு கருவியை யார் இயக்குவார் என்பதைக் கருவியின் இயல்பு தீர்மானிப்பதில்லை. அவ்வேளையில் அதனைக் கொண்டு என்ன செய்யப்படுகிறது என்பதே தீர்மானிக்கிறது. வலையமைப்பு முகவரியை மாற்றுதல் நிருவாகியின் வேலை. அதனைப் பார்த்தல் எவரும் செய்யத்தக்கது. இரண்டையும் செய்வது ஒரே 'இஃப்கொன்பிக்'. புதிய வட்டிலே கோப்புமுறைமை அமைக்கும் கருவி எஸ்பின்னில் வைக்கப்பட்டது. ஆனால் ஒருவர் தம் சொந்தக் கோப்பொன்றையே வட்டாகப் பாவித்து அதனுள் கோப்புமுறைமை அமைக்க எவ்வித விசேட அதிகாரமும் வேண்டியதில்லை. அதிகாரம் வேண்டாத வேலைக்கு அதிகாரியின் அறைக்குப் போகவேண்டியதாயிற்று. தொகுப்புகளை ஆக்குவோர் இத்தகைய ஐயங்களைத் தத்தம் மனம் போலத் தீர்த்தனர். ஆதலின் ஒரு தொகுப்பில் பின்னில் இருந்த கருவி மற்றொன்றில் எஸ்பின்னில் இருந்தது.

இதன் வேடிக்கையான உச்சம் டெபியன் என்னும் தொகுப்பில் நிகழ்ந்தது. 2019 ஜூலையில் வெளிவந்த அதன் 10ஆம் பதிப்பில், பயனர் ஒருவர் தலைமைப் பயனராக மாறுவதற்கு உதவும் 'எஸ்யூ' என்ற கட்டளை வேறொரு மூலத்திலிருந்து எடுக்கப்பட்டது. பழையது தேடுவழிப் பட்டியலையும் தலைமைப் பயனருக்கு ஏற்ப மாற்றிக் கொடுத்தது. புதியது, சிறு கோடொன்றைச் சேர்த்து அழைத்தாலன்றி, முன்னைய பயனரின் பட்டியலையே வைத்திருந்தது. அப்பட்டியலில் எஸ்பின் இல்லை. விளைவு என்ன? வட்டு முழுவதையும் அழிக்கும் வல்லமை பெற்ற தலைமைப் பயனர், புதிய பயனர் ஒருவரைச் சேர்க்க விரும்பி 'யூசர்அட்' என்று தட்டச்சிட்டபோது, 'கட்டளை காணப்படவில்லை' என்ற விடையையே பெற்றார்.

எஸ்பின்னை மறைத்து வைத்தல் பாதுகாப்புக்காக என்று எண்ணுவோரும் உளர். இது தவறான எண்ணம். கருவியின் முழுப் பாதையையும் தட்டச்சிடும் எவரும் அதனை அழைக்கலாம். வட்டைப் பிரிக்கவோ பயனரை நீக்கவோ ஒருவருக்கு உரிமை உண்டா என்பதைக் கருநிரலின் அனுமதிச் சோதனையே முடிவு செய்கிறது. கருவி இருக்கும் அடைவின் பெயர் அதில் எள்ளளவும் பங்குகொள்வதில்லை.

வேர், யூசர் என்ற மற்றைப் பிரிவின் நிலையும் இதற்குள் ஆட்டம் கண்டிருந்தது. வட்டுகள் பெருத்து விட்டன. அதனினும் முக்கியமானது, எழும்பும் வேளையில் நினைவகத்துள் ஏற்றப்படும் சிறு கோப்புமுறைமை ஒன்று வழக்கத்துக்கு வந்தமை. வட்டுகளை இணைக்கவும் பழுதுபார்க்கவும் வேண்டிய கருவிகளை அதுவே தன்னுள் கொண்டிருக்கும். முன்னர் வேரடைவு ஆற்றிய பணியை இப்போது அது ஆற்றுகிறது. அன்றியும், இயந்திரத்தோடு இணைக்கப்படும் சாதனங்களை அடையாளங்காணும் 'யூடெவ்' என்ற பகுதியின் விதிகள், எழும்பும் ஆரம்பத்திலேயே யூசர் கிளையிலுள்ள நிரல்களை அழைக்கத் தொடங்கின. யூசர் கிளையைத் தனியே பிரித்து வைத்துப் பின்னர் இணைத்தோரின் இயந்திரங்களில் இது காரணம் தெரியாத கோளாறுகளை விளைத்தது. இதனை எல்லாரும் அமைதியாக ஏற்றனர் என்பதற்கில்லை. ஜென்றூ என்ற தொகுப்பின் ஆக்குநர் சிலர், தனித்த யூசர் கிளையைப் பேணவேண்டும் என்பதையும் ஒரு நோக்கமாகக் கொண்டு, 2012இல் யூடெவ்வினின்றும் 'ஈயூடெவ்' என்ற கிளைநிரலைப் பிரித்தெடுத்தனர்.

இதனிடையே நிரல் எழுதுவோர் பட்ட பாடு வேறு. கட்டளைத் தொடர்க் கோப்பின் முதல் வரியிலே, அதனை வாசிக்கவேண்டிய கருவியின் முழுப் பாதையும் எழுதப்படும். ஒரு தொகுப்பில் எழுதியது, அக்கருவி மற்றொரு கிளையில் இருக்கும் வேறொரு தொகுப்பில் இயங்காது. ஆகவே, நான்கையும் ஒன்றாக்கி, பழைய பெயர்களைப் புதிய இடத்துக்கு வழிகாட்டும் இணைப்புகளாக விட்டுவிட்டால் என்ன என்ற கருத்து எழுந்தது. பெடோரா என்னும் தொகுப்பு 2012இல் தன் 17ஆம் பதிப்பில் இதனைச் செய்தது. வேரை ஒட்டிய பின்னும் எஸ்பின்னும் நூலக அடைவுகளும் யூசர் கிளைக்குள் சென்றன. ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருந்த இயந்திரங்களில், முறைமை முழுதாக எழும்பு முன்னரே, மேற்கூறிய நினைவகக் கோப்புமுறைமையினுள் இருந்துகொண்டு இந்த மாற்றம் நிகழ்த்தப்பட்டது. ஓடும் வண்டிக்குச் சில்லு மாற்றுவதைத் தவிர்த்தனர் எனலாம். 2013 ஜூனில் ஆர்ச் என்னும் தொகுப்பு மேலும் ஒருபடி சென்று, நான்கையும் யூசர்-பின் என்ற ஒன்றினுள் அடக்கியது.

யூசரை வேருக்குள் கொண்டுவராது, வேரிலிருந்தவற்றை யூசருக்குள் அனுப்பியது ஏன் என்று கேட்கலாம். பெயரைப் பார்த்தால் மறுதலையே பொருத்தமாகத் தோன்றும். இதற்குத் தக்க காரணம் உண்டு. வேரில் அந்த இயந்திரத்துக்கே உரிய அமைப்புக் கோப்புகள், நாளும் மாறும் பதிவுகள், பயனர் வீடுகள் யாவும் தொங்குகின்றன. தொகுப்பை ஆக்கினோர் வழங்கிய பொருள் முழுவதும் யூசர் என்ற ஒரே கிளையில் அமைந்துவிட்டால், அக்கிளையை மட்டும் எழுதமுடியாதபடி பூட்டி வைக்கலாம். பல இயந்திரங்களுக்குப் பொதுவாகப் பகிரலாம். புதிய பதிப்பு பிழைத்தால் கிளையோடு பழையதை மீட்கலாம்.

டெபியன் இதே இலக்கை அடைய எடுத்த காலம் மிக நீண்டது. அவ்வரலாறு சற்று விரித்துரைக்கத்தக்கது. இடமாற்றத்தின் மெய்யான ஆபத்து எங்கே இருக்கிறது என்பதை அதுவே காட்டுகிறது.

டெபியனின் 10ஆம் பதிப்பில், புதிதாக நிறுவும் இயந்திரங்கள் இணைந்த அமைப்பைப் பெற்றன. பழைய இயந்திரங்கள் பிரிந்த அமைப்பிலேயே இருந்தன. உடனே ஒரு தொல்லை வெளிப்பட்டது. இணைந்த இயந்திரத்திலே ஒரு பொதி கட்டியெழுப்பப்படும்போது, 'செட்' போன்ற கருவி யூசர்-பின்னில் இருப்பதாகக் கண்டு, அந்தப் பாதையைத் தன்னுள் எழுதிக்கொள்ளும். பிரிந்த இயந்திரத்தில் அந்தக் கருவி வேரையொட்டிய பின்னில் அல்லவா இருக்கிறது? அங்கே பொதி இயங்காது. இரு வகை இயந்திரங்களையும் ஒருங்கே பேணுதல் பெரும் பாரமாயிற்று. 2021இல் டெபியனின் தொழினுட்பக் குழு, 12ஆம் பதிப்பு முதல் இணைந்த அமைப்பு ஒன்றே ஆதரிக்கப்படும் என்று முடிவு செய்தது.

அப்போதும் ஒரு பொறி எஞ்சியிருந்தது. பொதிகளை நிறுவும் 'டிபிகேஜி' என்ற கருவி, எந்தக் கோப்பு எந்தப் பொதிக்கு உரியது என்பதைப் பாதைப் பெயரைக் கொண்டே பதிந்து வைக்கிறது. அடைவுகள் இணைப்பால் ஒன்றாகிவிட்டதை அதன் பதிவேடு அறியாது. ஒரு பொதியில் வேரையொட்டிய பின்னில் இருந்த கோப்பு, வேறொரு பொதிக்குக் கைமாறி, அதே வேளையில் யூசர்-பின்னுக்கும் இடம்பெயர்ந்ததாக வைத்துக்கொள்க. புதிய பொதி நிறுவப்பட்டதும் கோப்பு தன் இடத்தில் வந்து அமரும். அடுத்து பழைய பொதி புதுப்பிக்கப்படும். 'என் பழைய கோப்பு இப்போது வேண்டாததாயிற்று' என்று பதிவேட்டைப் பார்த்து டிபிகேஜி அதனை அழிக்கும். அழிந்ததோ இப்போதுதான் வந்தமர்ந்த புதிய கோப்பு. இரு பெயர்களும் ஒரே கோப்பையே சுட்டின அல்லவா? பிழை அறிவித்தல் எதுவும் வராது. கருவி மாயமாய் மறைந்துவிடும். அது இயந்திரத்தை எழுப்பும் கருவியாயின், அடுத்த முறை இயந்திரம் எழும்பாது.

டிபிகேஜியைப் பேணுவோர் இந்த முறையை ஏற்க மறுத்து எதிர்த்தமைக்கு இதுவே காரணம். அவர்கள் எதிர்ப்பைப் பிடிவாதம் என்று கூறினோர் பலர். ஆனால் அவர்கள் சுட்டிய ஆபத்து கற்பனையன்று. கோப்புகளை இரு கிளைகளுக்கிடையே மாற்றுவது சிறிது காலம் தடைசெய்யப்பட்டது. 2023 ஜூனில் 12ஆம் பதிப்பு வெளிவந்தபின், பொதி பொதியாக ஆராய்ந்து, எங்கெங்கே இத்தகைய இழப்பு நேரலாம் எனக் கணித்து, ஒவ்வொன்றையும் வழிதிருத்தி, பதிவேட்டிலும் கோப்புகளை யூசர் கிளைக்கே மாற்றினர். பெடோரா ஒரு பதிப்பில் முடித்ததற்கு டெபியன் பல ஆண்டுகள் செலவிட்டது. டெபியன் பயனர், மீள நிறுவாமலே பதிப்புக்குப் பதிப்பு தாவிச் செல்வதை உரிமையாகக் கருதுபவர். அவ்வுரிமையைக் காக்க நேர்ந்த செலவை வீண் என்று சொல்வதற்கில்லை.

பின், எஸ்பின் இணைப்பு மட்டும் எஞ்சி நின்றது. பெடோரா அதனை 2025 ஏப்ரிலில் வெளிவந்த 42ஆம் பதிப்பில் மேற்கொண்டது. ஆங்கும் பிரிவை மெய்யாகவே பயன்படுத்திய ஒரு மூலை இருக்கக் கண்டனர். சில கருவிகளுக்கு ஒரே பெயரில் இரு கோப்புகள் இருந்தன. பின்னிலிருந்தது கடவுச்சொல் கேட்டு வாங்கும் வாயில்காவலன். எஸ்பின்னிலிருந்தது மெய்யான கருவி. ஒரே அடைவில் ஒரே பெயர் இரண்டு இருக்கமுடியாது ஆதலால், அவற்றை வேறு வழியில் அமைக்கவேண்டியதாயிற்று. டெபியனோ 2025 ஆகஸ்டில் வெளிவந்த 13ஆம் பதிப்பிலும் எஸ்பின்னைத் தனியாகவே வைத்திருந்தது.

எஸ்பின்னை வைத்திருக்க விரும்புவோர் கூறும் நியாயம் ஒன்று கவனிக்கத்தக்கது. கட்டளையின் முதல் எழுத்துகளைத் தட்டி, மீதியை இயந்திரமே நிரப்பச் செய்யும் பழக்கம் உடையோர்க்கு, தமக்கு வேண்டாத நிருவாகக் கருவிகளும் பட்டியலில் வந்து குவியும் என்கின்றனர். உண்மைதான். ஆயினும் சாதாரண மேசைக் கணினி ஒன்றின் யூசர்-பின்னில் ஏற்கெனவே ஆயிரத்துக்கு மேற்பட்ட கருவிகள் உள்ளன. இன்னும் சில நூறு சேர்வதால் வரும் இடர், இருக்கும் கருவியை இல்லை என்று கேட்பதால் வரும் இடரிலும் சிறிதே.

பிரிவையே கைவிடாத குடும்பங்களும் உண்டு. பிரீபிஎஸ்டி முறைமை நான்கு அடைவுகளையும் பேணுகிறது. அங்கே அடிப்படை முறைமை முழுவதையும் ஒரே குழு ஆக்குவதால், எது எங்கே என்ற பிணக்கு குறைவு. நிக்ஸ்ஓஎஸ் என்ற லினக்ஸ் தொகுப்போ மறுகரைக்கே போய்விட்டது. அங்கே ஒவ்வொரு பொதியும் தனக்கெனத் தனி அடைவில் வாழும். யூசர்-பின்னில் 'என்வ்' என்ற ஒன்றும், வேரையொட்டிய பின்னில் 'எஸ்எச்' என்ற ஒன்றுமே இருக்கும். அந்த இரண்டையும்கூட அவர்களால் விலக்க முடியவில்லை.

உலகெங்கும் எழுதப்பட்ட எண்ணற்ற கட்டளைத் தொடர்க் கோப்புகளின் முதல் வரியிலே, வேரையொட்டிய பின்னில் உள்ள 'எஸ்எச்' என்ற பாதை எழுதப்பட்டிருக்கிறது. எழுதியோர் பலர் தம் தொழிலை விட்டு நீங்கிவிட்டனர். சில கோப்புகளை யார் எழுதினார் என்பதே தெரியாது. ஆயினும் அவை வங்கியிலும் வைத்தியசாலையிலும் இரவுதோறும் தம் வேலையைச் செய்துகொண்டிருக்கின்றன. புதிதாகத் தொகுப்பு ஆக்குவோர் கருவிகள் யாவற்றையும் யூசர்-பின் என்ற ஒரே இடத்தில் வைப்பதே தக்கது. எவர்க்கும் எக்கருவியும் அங்கே கிடைக்கும். அவ்வாறு வைத்தபின், பழைய மூன்று பெயர்களையும் இணைப்புகளாக வேரிலும் கிளையிலும் விட்டுவைத்தால், அந்த முதல் வரி அரை நூற்றாண்டுக்கு முன் நிரம்பிப்போன ஒரு வட்டின் முகவரியைக் கூறினும், இயந்திரம் அதனைப் புதிய இடத்துக்கு இட்டுச்செல்லும்.